வயிறு சூடு, கால் சில்லு

செருப்பை வெளியே விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுனை மாட்டிக்கொண்டபோதுதான் உறைத்தது. 11 வருடத்துக்கு முன்னால் 34 நாள் இந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றவன் நான். உள்ளே காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவு. என் மகள் 1,280 கிராமில் பிறந்து இங்கேதான் கிடந்தாள். தினம் காலையில் எடை பார்த்ததும் பெரிய சிஸ்டர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கண்ணாடியில் அழுத்திக் காட்டுவார். 1,240. மறுநாள் 1,225. என் முகம் போன போக்கைப் பார்த்து, முதல் வாரம் இறங்கத்தான் செய்யும் என்று கையாலேயே சொல்வார்.

போன மார்கழியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 29 வருடம் இதே பிரிவு. ஓய்வு பெற்று மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை. சாவுக்குப் போக முடியவில்லை. அவர் பார்த்த வேலையைப் பக்கத்தில் நின்று ஒருநாள் பார்க்கலாமே என்று அனுமதி வாங்கி வந்திருந்தேன்.

மதியம் ஒரு மணி, டூட்டி மாறும் நேரம். வந்த சின்ன சிஸ்டர் மானிட்டரைப் பார்க்கவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தார், பிறகு பாதத்தில். "வயிறு சூடு, கால் சில்லு. குளிருது இவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே குல்லாவும் சாக்ஸும் எடுத்தார். குளிர் தட்டியதும் உடம்பு கைகாலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றிக்கொள்ளுமாம். சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் கருவி கத்தும். பாதம் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

"ரெண்டும் சில்லுன்னா ஓடணும் சார். பெரிய சிஸ்டர் சொல்லிக்குடுத்தது."

அடுத்து பால். 34 வாரம் நிறையாத பிள்ளைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யத் தெரியாது. அதனால் குழாய், கொஞ்சம் தேறியதும் பாலாடை. ஆமாம், நம் வீடுகளில் பரணில் கிடக்கும் அதே மூக்கு வைத்த பாலாடைதான். கொதிக்கவைத்து எடுத்த பாலாடையில் தாய்ப்பாலை ஊற்றி, குழந்தையை முக்கால் பங்கு நிமிர்த்தி மடியில் சாய்த்து, மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்தார். சொட்டு, இரண்டு சொட்டு. நிறுத்தினார். அவர் கண் குழந்தையின் தொண்டையிலேயே இருந்தது. ஒரு சின்ன ஏற்றம், ஒரு இறக்கம். விழுங்கியாயிற்று. மறுபடி இரண்டு சொட்டு. 18 மில்லிக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிப்போக, பாதத்தில் ஆள்காட்டி விரலால் மெல்லச் சுண்டினார். அவசரப்பட்டுச் சாய்த்தால் பால் நுரையீரலுக்குப் போகும். எனக்கு அந்த இருபத்தைந்து நிமிடமும் கழுத்து வலித்தது. அவருக்கு இன்னும் ஐந்து பிள்ளைகள் பாக்கி.

பெரிய சிஸ்டர் சாந்த சொரூபி ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று தேன் குப்பியோடு வந்த என் அம்மா அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

மஞ்சள் காமாலையை டியூப் லைட்டில் பார்க்கவே விடமாட்டாராம். "ஜன்னல்கிட்ட கொண்டு போ, கட்டை விரலால அழுத்தி எடு, வெளுத்த இடத்துல என்ன நெறம் தெரியுதுன்னு பாரு." நெற்றி, நெஞ்சு, வயிறு என்று மஞ்சள் கீழே இறங்கும் வழியை அப்படித்தான் பிடிப்பார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனை.

ஜன்னல் என்றதும் எனக்கு வேறொரு சிஸ்டர் நினைவுக்கு வந்தார். 1956, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதி, ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் வார்டு (பெயரே வார்டுதான்) வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் பழுத்த மஞ்சள். வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் வடிந்திருந்தது. நான் நின்ற அறையின் மூலையில் நீலமாக எரிந்துகொண்டிருந்த ஃபோட்டோதெரபி விளக்கின் பூர்வீகம் அதுதான். 1958-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தபோது எழுதியவர்கள் கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ். அந்த வரிசையில் சிஸ்டர் இல்லை.

இங்கேயும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் பெரிய சிஸ்டர் சுருக்கொப்பமாகத்தான் கிடைப்பார். பால் எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை முறை, பக்கத்தில் ஒரு கிறுக்கல். ஜன்னலும் கட்டை விரலும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

வெளியே வந்து கவுனைக் கழற்றும்போது ஆயாம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். சின்ன சிஸ்டரிடம் ஏதோ சொல்ல, அவர் கதவருகே வந்து நின்றார்.

"பெரிய சிஸ்டர் பாத்த பாப்பாவா சார்? இப்ப என்ன வெயிட்டு?"

ஒரு காலத்தில் ஐந்து கிராம் வரை துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தேன். இப்போது தெரியவில்லை. ஆறாம் வகுப்பு போகிறாள் என்றேன்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு ஃபோன் பண்ணுங்க" என்றார் சிஸ்டர்.