சேர்த்துப் படித்தலும் பிரித்து அனுப்புதலும்

மட்டாஞ்சேரி மிளகு வணிகர்களுக்கு ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரித்துத் தரும் சிற்றலுவலகம் ஒன்று வைட்டிலாவில் இயங்குவதாகக் கொண்டால், அங்குள்ள ஒரே கணினியில் நிறுவனத்தின் பெயரில் ஒன்று, ஆவணப் பிரிவுக்கு ஒன்று, உரிமையாளர் என்றோ தொடங்கிய ஜிமெயில் ஒன்று என மூன்று மின்னஞ்சல் கணக்குகளாவது திறந்திருக்கும். தண்டர்பேர்டு போன்ற மேசைக்கணினி அஞ்சல் மென்பொருளில் இவற்றைச் சேர்த்துப் படிப்பது எளிது. சேர்ந்து வந்தவற்றுக்கு உரிய முகவரியிலிருந்து விடை அனுப்புவதில்தான் இத்தொழிலின் நுட்பம் இருக்கிறது.

அஞ்சலைப் பெறும் முறைகள் இரண்டு. பாப் என்பது சர்வரிலுள்ள கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்வது. 1986-இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ஐமேப், கடிதத்தைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையைக் காட்டுவது. ஒரு கணக்கைப் பலர் திறக்கும் அலுவலகத்துக்கு ஐமேப்பே ஏற்றது.

எல்லாக் கணக்குகளின் இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் ஒருங்கிணைந்த கோப்புறை உண்மையில் ஒரு பார்வை மட்டுமே. வைட்டிலா மொபிலிட்டி ஹப்பில் அருகருகே நின்றாலும் பேருந்துகளின் தடம் மாறாததுபோல, கடிதங்கள் தத்தம் கணக்கிலேயே இருக்கின்றன, ஒருங்கிணைந்த கோப்புறையில் அழித்தால் மூலக் கணக்கிலும் அழிகின்றன. பட்டியலில் கணக்கின் பெயரைக் காட்டும் பத்தியைச் சேர்த்துக்கொள்ளாமல் இப்பார்வையைப் பயன்படுத்துவது விவேகமன்று.

சிக்கல் அனுப்பும்போது எழுகிறது. அனுப்புநரின் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவற்றின் தொகுப்பை மென்பொருள் ‘அடையாளம்’ என்கிறது. வந்த கடிதம் எந்த முகவரிக்கு எழுதப்பட்டதோ அதற்குரிய அடையாளத்தை விடைக்கு மென்பொருளே தேர்ந்துகொள்கிறது. புதிதாக எழுதும் கடிதத்தில் அத்தகைய தடயம் இல்லாததால், ‘அனுப்புநர்’ வரியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது தவிர்க்க முடியாத பழக்கமாகிறது. ஒவ்வொரு அடையாளத்தையும் அதற்கே உரிய எஸ்எம்டிபி சர்வருடன், அதாவது கடிதத்தை வெளியே கொண்டுசெல்லும் சர்வருடன், பிணைப்பதும் அவ்வளவே முக்கியம். ஒரு நிறுவன முகவரியின் சார்பில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவை ஹாம்பர்க்கில் உள்ள கொள்முதலாளரின் சர்வர் சரிபார்க்கக்கூடும். வேறு வழியாகச் சென்ற கப்பல் ஆவண வரைவு ஸ்பாம் கோப்புறையில் கிடந்துவிடலாம். நிறுவன முகவரியை முன்கூட்டியே பதிவுசெய்யாமல் ஜிமெயில் சர்வர் வழியே அனுப்பினாலோ, ஜிமெயில் அனுப்புநர் வரியையே மாற்றிவிடும். உரிமையாளரின் தனிமுகவரி வெளிநாட்டுக்குப் போய்ச் சேரும்.

அனுப்பியதன் நகல் எங்கே தங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜிமெயில் தானே ஒன்றை வைத்துக்கொள்வதால் மென்பொருளும் சேமித்தால் இரட்டிப்பாகும். பிற கணக்குகள் பலவற்றில் மென்பொருள்தான் சேமிக்க வேண்டும், அதுவும் அந்தந்தக் கணக்கின் கோப்புறையிலேயே.

ஊழியர் ஒருவர் விலகும்போது அவரது கணக்கை மென்பொருளிலிருந்து நீக்குமுன் அது எவ்வகையானது என்று பார்ப்பது நல்லது: ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரில் இருக்கும், பாப் என்றால் பழைய கடிதங்களின் ஒரே பிரதி அந்தக் கணினியில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை முதலில் உள்ளகக் கோப்புறைக்கு நகர்த்திவிட வேண்டும்.