துணியில் கண்ட பச்சை

பச்சை நமக்கு உவப்பான நிறம். கொடியிலும் போர்வையிலும் அதைக் கண்டு மகிழ்ந்த நமக்கு, ஒரு சிசுவின் துணியில் கண்டபோது அதன் பொருள் விளங்கவில்லை.

மகள் வயிற்றுப் பேரன் பிறந்து மூன்றாம் நாள் அது. காலையில் பாலை வெள்ளையாகக் கக்கியவன், மாலையில் பச்சையாகக் கக்கினான். உரைமருந்து போதும் என்றனர் வீட்டு மூதாட்டியர். நாமும் ஓதி ஊதிவிட்டு, ஏழாம் நாள் அகீகாவுக்கு அழைக்கவேண்டியோர் பட்டியலை எழுத அமர்ந்தோம். "ஓதுங்க வாப்பா, வண்டியையும் கூப்பிடுங்க" என்றாள் மகள்.

துணியைக் கண்டதும் மருத்துவர் எழுந்துவிட்டார். பிறந்த சிசு பச்சைப் பித்தமாகக் கக்கினால், குடலடைப்பு இல்லையென்று உறுதியாகும்வரை இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்பது அவர்கள் விதி. பித்தம் முன்சிறுகுடலில் வந்து சேர்வது. அதற்குக் கீழே வழி அடைபட்டால் மேலேறி வாயால் வெளிப்படும்.

முதலில் எடுத்த எக்ஸ்ரே படம் ஐயத்தைத் தீர்க்கவில்லை. எனவே எக்ஸ்ரேயில் புலப்படும் அயோடின் சேர்ந்த நீர்மத்தைக் குழாய் வழியே இரைப்பையில் சிறிது செலுத்தி, அதன் போக்கைத் திரையில் நோக்கினர். முன்சிறுகுடல் முதுகெலும்பைக் கடந்து இடப்புறம் மேலேறி முடிதல் இயல்பு. பேரனுக்கோ நீர்மம் வலப்புறமே நின்று, திருகாணிபோல் சுருண்டு இறங்கிற்று. குடல், தனக்கு இரத்தம் கொணரும் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கு நீடித்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும் என்றனர். 1936ஆம் ஆண்டில் வில்லியம் லாட் வகுத்த முறைப்படி அன்றிரவே அறுவை செய்து முறுக்கை அவிழ்த்தனர்.

அடைப்பு கீழ்க்குடலில் என்று ஐயுற்றால், இத்தகைய நீர்மத்தை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்ப்பர். முதல் மலம் கெட்டிப்பட்டு அடைத்த சிசுக்கள் சிலருக்கு அச்சோதனையே மருந்தாகவும் அமைந்து, அறுவையின்றி வழி திறந்துவிடும் என்றும் அறிந்தோம்.

‘கூலன்ஜ்’ என்னும் குடல் நோயைப் பற்றி இப்னு சீனா தனி நூலே எழுதினார் என்று மாணவர்க்குப் பல்லாண்டு சொல்லிவந்தவர் நாம். அந்த மாலையில் பட்டியலை எழுதி முடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகிறது.

அகீகா இருபத்தொன்றாம் நாள் நடந்தது. வந்திருந்த தாய்மாரிடம் நாம் கூறியது இதுவே: சிசு பச்சையாகக் கக்கினால் விடியட்டும் என்று இராதீர்கள், அத்துணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.