காமிராவுக்கு நீலம் தெரியாது

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் வாசனை வந்தால் போதும், மாகறல் கோயில் உற்சவப் பத்திரிகைக்காகக் காஞ்சிபுரத்து அச்சகம் ஒன்றில் ஆர்ட்ஒர்க் செய்துகொண்டிருந்த பெரியவரின் மேசைக்கே போய்விடுகிறேன், ஜன்னல் கம்பியின் நிழல் குறுக்கே விழ, புரோமைடு தாளில் வந்த எழுத்துகளை வரிவரியாக வெட்டி, டி-ஸ்கொயரைத் தள்ளிச் சரிபார்த்து அட்டையில் ஒட்டி, ஓரத்தில் பிதுங்கியதைக் காய்ந்த சொல்யூஷன் உருண்டையாலேயே உருட்டி எடுப்பார்.

"கோடு நீலப் பென்சில்ல போடு தம்பி, காமிராவுக்கு நீலம் தெரியாது" என்பார், அச்சக காமிராவின் லித் பிலிமுக்கு வெளிர்நீலமும் வெள்ளையும் ஒன்று, சிவப்போ கறுப்பு, அதனால்தான் இருட்டறையில் சிவப்பு பல்பு எரியும், நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த அவர், பிரசாதப் பொட்டலம் வந்தால் அட்டைப் பக்கமே விடமாட்டார், ஒரு துகள் விழுந்தாலும் சுவாமி பெயரின் மேல் கரும்புள்ளியாக அச்சாகிவிடும்.

அந்தப் பத்திரிகைக்குக் கோபுரம் வரைய அவருடன் செய்யாற்றங்கரை மாகறலுக்குப் போனேன், சம்பந்தர் பாடிய தலம், உடும்பின் வால் போன்ற லிங்கம், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நெடியும், அவரோ வெளியிலேயே சாய்வெயிலுக்காகக் காத்திருந்தார், கோட்டுப்படத்தில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை, நிழல் கறுப்பாகப் பிரியும் நேரத்தில்தான் கோபுரம் பிடிபடும். அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவார், சுருங்கும்போது கைநடுக்கமும் சுருங்கிவிடும்.

திரும்பும் வழியில் ஒரு நெசவாளர் வீட்டில் நுழைந்தோம், கஞ்சி வாடை, ஜக்கார்டு தறிக்காகக் கட்டத்தாளில் அன்னப்பட்சி எழுதிக்கொண்டிருந்த கிழவர், வண்ணம் வைத்த கட்டம் அட்டையில் துளை, துளை இருந்தால் பாவிழை எழும்பும், இரண்டு கிழவர்களும் பேசாமல் ஒருவர் தாளை ஒருவர் கண்ணருகே பிடித்துப் பார்த்ததை இப்போதும் பொறாமையோடு நினைக்கிறேன்.

இன்று பத்திரிகை கைபேசிக்கு வருகிறது, கட்டைவிரலால் சம்மதம் சொல்கிறோம், கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகிறது, திரையில் பளபளத்த மஞ்சள் தாளில் மங்கிவிடுகிறது, நட்சத்திரமும் திதியும் சரியா என்று நிறுத்திப் பார்க்க யாருமில்லை. வீட்டு விசேஷப் பத்திரிகை ஒன்றுக்கு அண்மையில் சம்மதம் அனுப்பச் சொன்னார்கள், கறுப்பு வெள்ளையில், ஒன்றரை மடங்காகப் பிரதி எடுத்து, அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படித்தேன், முகூர்த்த நேரத்துக்கு அருகில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது, திருத்தித் தரும்வரை அச்சுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.