ஆமை புகுந்த வீடு

புயல் ஓய்ந்த கடலைக் கண்டதுண்டா, தோழர்களே?

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. சீறிய கடல் சில வாரங்களில் சிரித்தது, கருமுகில் கலைந்தது, பனிக்காற்று பரவிற்று. 2025 சனவரியில் ஓரிரவு, நம்மிடம் பயிலும் மாணவர் பன்னிருவருடன் சென்னை நீலாங்கரைக் கடற்கரையில் நடந்தோம்.

அலை அரித்த இடங்களில் மணல் படிக்கட்டுபோல் நின்றது. கிளிஞ்சல்கள் காலடியில் நொறுங்கின. கைவிளக்கின் ஒளி பட்டதும் வெளிர்நிற நண்டுகள் வளைக்குள் ஓடி மறைந்தன. பிள்ளைகள் துள்ளினர், ஆசிரியர் என்பதை மறந்து நாமும் துள்ளினோம்!

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. கருங்கல்போல் ஒன்று கிடக்கக் கண்டு நெருங்கினோம். செத்து ஒதுங்கிய கடலாமை! கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கிக் கிடந்தது.

"ஐயா, கிட்டே போகாதீர்கள்! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பாட்டி சொல்வார்கள்" என்றான் ஒரு மாணவன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: கல்லூரியிலே பட்டம் பெற்ற நமது காலும் அரையடி பின்வாங்கிற்று! சிறுவயதில் காதில் விழுந்தது இன்னும் காலைவிட்டு அகலவில்லை.

பின்வாங்கிய காலை முன்வைத்தோம்; அறிந்ததைச் சொன்னோம். இது பங்குனி ஆமை. கடலில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் சாகும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இப்படி ஒதுங்கின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உயர்ந்த காப்பு அளித்திருக்கிறது. சட்டம் ஏட்டிலே, ஆமை மணலிலே!

மீனவரைப் பழித்து நாம் நல்லவராகிவிட முடியாது. கடலில் உழைப்பவர் அவர். தட்டில் மீன் கேட்பவர் நாம். இழுவலையில் ஆமை தப்பிச் செல்ல ஒரு திறப்பு வைக்கும் முறை உண்டு. அதைப் பரப்பாதது ஆமையின் கெட்ட நேரமா? மனிதரின் அலட்சியமா?

இரவு இரண்டு மணியளவில் அலையிலிருந்து ஓர் உயிர் எழுந்தது. விளக்கை அணைத்தோம். தாயாமை தவழ்ந்து வந்தது, பின்துடுப்புகளால் குழி பறித்தது, நூறளவில் முட்டையிட்டது, மணலால் மூடியது, திரும்பிப் பாராமல் கடலுக்குள் இறங்கிற்று. 1988 முதல் மாணவர் கூட்டமொன்று இக்கரையில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைக் காப்பிடத்தில் புதைத்துக் காத்து வருகிறது. ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். ஒளி தெரியும் திக்கே கடல் என்று எண்ணி ஓடும். நாமோ கரையெல்லாம் விளக்கேற்றி, அவற்றைச் சாலையை நோக்கி இழுக்கிறோம்!

பாட்டியின் பழமொழி சொன்ன அதே மாணவன் மெல்லக் கேட்டான்: "ஐயா, ஆமை நம் வீட்டில் புகவில்லையே. ஆமையின் வீட்டில் நாமல்லவா புகுந்திருக்கிறோம்?"

ஆயிரம் பாடம் நடத்தியும் நாம் எட்டாத இடம் அது! அவன் பாட்டியை இகழவில்லை, பழமொழியை ஆராய்ந்தான்.

ஆம், தோழர்களே! வீட்டை உருப்படவிடாத ஆமைகள் உண்டு. அவை கடலில் இல்லை. கல்லாமை, ஆராயாமை, இரங்காமை என்ற பெயர்களில் நம் நெஞ்சில் குடியிருக்கின்றன. அவற்றை விரட்டுவோம். கடலாமையை வாழவிடுவோம்.

மழை ஓய்ந்ததும் கடற்கரைக்குச் செல்லுங்கள்; கண்டு மகிழுங்கள். விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்!