மீனின் வாலும் மருந்துப் பொட்டலமும்

மாட்டுக்கு நோய் வந்தால் ஊரே வைத்தியம் சொல்லும். கண்ணாடித் தொட்டியில் வாழும் விரல் நீள மீனுக்கு வால் கிழிந்தால் யாரிடம் போவது? "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டே படியுங்கள். நோயைப் பார்க்குமுன் மருந்தைத் தேடும் பழக்கம் மீன் வளர்ப்போரிடம் மட்டும் உள்ளதன்று.

என் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடப்பது. கேரளம் என்றதும் மழையையும் காயலையும் நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் வியப்படைவார்கள். அவ்வளவு வறண்ட பூமி. 1970 மே 29-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அந்தக் கணக்கை எங்கள் பக்கத்து உழவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுத் தேவைக்கோ ஆழ்துளைக் கிணறுதான். சோப்பு நுரைக்காத கடின நீர்.

அத்தகைய ஊரில் என் சித்தப்பா மகன் இரண்டு மீன் தொட்டிகள் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பு மாணவன். பால் ஊற்றிச் சேர்த்த காசில் கோவையிலிருந்து மீன் வாங்கி வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறான். சென்ற கோடை விடுமுறையில் நான் ஊர் சென்றபோது இரண்டு தொட்டிகளிலும் மீன்களின் வால்கள் சிதைந்திருந்தன. "இந்தத் தடவையும் செத்துப்போச்சுன்னா ரெண்டு தொட்டியையும் வித்துப்போடுவேன்" என்று சித்தப்பா கண்டிப்பாகக் கூறிவிட்டார். தம்பியின் கையிலோ ஒரு மருந்துப் பொட்டலம். "ஏண்ணா, இந்தக் கேப்சூலை ஒடச்சுப் போட்டா சரியாப்போகும்னாங்க. போட்டுரட்டுமா?" என்றான்.

"கொஞ்சம் பொறு, முதலில் மீனைப் பார்ப்போம்" என்றேன். ஆளுக்கொரு முக்காலி போட்டு, தொட்டிகளின் எதிரே அரைமணி நேரம் அமர்ந்தோம்.

முதல் தொட்டியில் டைகர் பார்ப் மீன்கள் மூன்றும், நீண்ட துடுப்புடைய ஏஞ்சல் மீன்கள் இரண்டும் இருந்தன. ஏஞ்சலின் துடுப்பில் சிறு சிறு துண்டுகள் காணாமற்போயிருந்தன. வெட்டின் விளிம்பில் வெண்மையோ சிவப்போ இல்லை. சிறிது நேரத்தில் ஒரு பார்ப் பாய்ந்து வந்து துடுப்பைக் கவ்வியதை இருவருமே கண்டோம். இது நோயன்று, கடி! டைகர் பார்ப் கூட்டமாக வாழும் இனம். எண்ணிக்கை குறைந்தால் தம்முள் காட்டும் சண்டையை நீண்ட துடுப்புடைய அண்டை வீட்டார்மேல் காட்டும். இதற்குக் கேப்சூல் என்ன செய்யும்? ஏஞ்சல் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். சிகிச்சை அவ்வளவே.

இரண்டாவது, அறுபது லிட்டர்த் தொட்டி. அதில் ஏழு தங்கமீன்கள். ஒன்றல்ல, எல்லாவற்றின் வால்களும் ஒருங்கே சிதைந்திருந்தன. விளிம்பு பால்போல் வெளுத்து, உள்ளே செந்நிறக் கோடுகள் ஓடின. இதுவே துடுப்பழுகல். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் இதைச் செய்கின்றன. ஆனால் அவை நல்ல தண்ணீரிலும் இருப்பவை. மீன் சோர்ந்தபோதே மேலோங்குகின்றன. அப்படியானால் மீனைச் சோர்வுறச் செய்தது எது?

விசாரித்தேன். பத்து நாளுக்கு முன் வடிகட்டியின் பஞ்சைத் தம்பி நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறான். பார்வைக்குத் துப்புரவு. ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. அவை மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சோதனைத் திரவம் விட்டுப் பார்த்ததில் அம்மோனியா தெரிந்தது; நீரின் பி.எச். 8. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். எங்கள் ஊர் நீர் இந்தத் தீங்கை வளர்க்கும் நீர் என்பது அப்போது விளங்கியது. கேப்சூலைப் போட்டிருந்தால் எஞ்சிய நல்ல பாக்டீரியாக்களுக்கும் ஆபத்து. கண்டபடி போடும் மருந்தால் கெட்டவை மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் கூடும்.

செய்தது இதுதான்: நாள்தோறும் கால்பங்கு, அதாவது பதினைந்து லிட்டர் நீரை மாற்றினோம். தீனியைப் பாதியாகக் குறைத்தோம். லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் கல்லுப்பைத் தனியே கரைத்து, இரண்டு நாளில் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். எடுத்த நீருக்குரிய உப்பை மட்டும் புதுநீரில் கலந்தோம். காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடியது. "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல மீனுக்குத் தெனமும் ஒரு கொடமா?" என்று சித்தி முணுமுணுத்தார். உப்புச் சேர்க்குமுன் எடுத்த நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போனதைக் கண்டபின் சற்றே தணிந்தார்.

மூன்றாம் நாள் ஒரு மீன் இறந்தது. அதன் அழுகல் வாலின் அடிவரை எட்டியிருந்தது. அடி அழிந்தால் துடுப்பு மீள்வதில்லை. மற்ற ஆறும் தேறின. இரண்டாம் வாரத்தில், "அண்ணா, மறுபடியும் வெளுக்குது!" என்று தம்பி பதறினான். விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அழுகலின் வெண்மை மங்கலானது, ஒளி ஊடுருவாது. இதுவோ கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. புதிதாய் முளைக்கும் துடுப்பு முதலில் நிறமின்றித்தான் வரும்.

இழந்த துடுப்பு மீண்டும் வளர்வதைப் புரூசோனே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1786-இலேயே எழுதிவைத்தார். நம் துணைக்கண்டத்து ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன், இதயக் கீழறையில் ஐந்திலொரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதங்களில் அதை வளர்த்துக்கொள்கிறது என்று 2002-இல் ஆய்வாளர்கள் கண்டனர். மனித இதயத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. அதனால்தான் உலகின் ஆய்வுக்கூடங்கள் அச்சிறு மீனை உற்றுநோக்குகின்றன.

விடுதி அறையின் மூலையில் தொட்டி வைத்திருக்கும் தோழர்களே! வால் கிழிந்த மீனைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா? விளிம்பு தெளிவா, வெளுப்பா? தண்ணீரில் அண்மையில் என்ன மாறியது? விடை கிடைத்தபின் மருந்தைப் பற்றி எண்ணலாம். தம்பியின் தொட்டிகளைச் சித்தப்பா இன்னும் விற்கவில்லை. மாலையில் தீனி போடுபவர் இப்போது அவர்தானாம்.