காலத்தே சொல்லாத உண்மை

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுக் கோப்புகளோடு புழங்கியவன் நான். மேலே உள்ளவர்களுக்குத் தெரியாததா, நமக்கெதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். ஒருமுறை, ஒரு சிறுபாலத்துக்குப் போட்ட சிமென்ட் கணக்கு பொய் என்று தெரிந்தும் கையெழுத்திட்டேன். ஓய்வுபெற்ற பிறகு அதை வெளியே சொன்னேன். அதற்குள் அந்தப் பாலம் ஒரு மழையில் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதனால்தான் டேனியல் எல்ஸ்பெர்க் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

அவர் கலகக்காரர் இல்லை. 1931-இல் சிகாகோவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, மரைன் படையில் அதிகாரியாக இருந்தவர். 1964 ஆகஸ்ட் 4, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் அவருடைய முதல் முழு வேலைநாள். வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று அன்று அவசரச் செய்திகள் வந்து குவிந்தன. சில மணி நேரத்தில் அந்தக் கப்பல்களின் தளபதியிடமிருந்தே வேறு செய்தி வந்தது: தாக்குதல் நடந்ததா என்பதே சந்தேகம், நன்றாக ஆராயாமல் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அன்றிரவே ஜனாதிபதி ஜான்சன் தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்தார். மூன்றே நாளில் நாடாளுமன்றம் போருக்கு வழிவிட்டது. உள்விவரம் அறிந்த எல்ஸ்பெர்க் வாய் திறக்கவில்லை.

பிறகு இரண்டு ஆண்டுகள் வியட்நாமிலேயே இருந்து போரைக் கண்ணால் பார்த்தார். நாடு திரும்பியதும், அந்தப் போர் உருவான வரலாற்றைச் சொல்லும் 7,000 பக்க ரகசிய ஆய்வு அவர் கைக்கு வந்தது. நான்கு ஜனாதிபதிகளின் ஆட்சியிலும் உள்ளே ஒன்றைத் தெரிந்துகொண்டு மக்களிடம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அதில் பக்கம் பக்கமாக இருந்தது.

1969 ஆகஸ்டில் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் நடந்த போர் எதிர்ப்பாளர் மாநாட்டுக்குப் போனார். ராண்டி கேலர் என்ற இளைஞர் பேசினார். கட்டாய ராணுவச் சேவையை மறுத்த நண்பர்கள் சிறையில் இருக்கிறார்கள், சீக்கிரமே தானும் அங்கே போகப்போவதில் மகிழ்ச்சி என்றார். எல்ஸ்பெர்க் எழுந்துபோய்க் கழிவறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் அழுதார். சிறைக்குப் போகத் துணிந்தால் என்னால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் பிறந்தது.

அந்த அக்டோபரில், நண்பர் அந்தோணி ரூசோவுடன் லாஸ் ஏஞ்சலஸ் விளம்பர அலுவலகம் ஒன்றில் அந்த ரகசிய ஆய்வை இரவு இரவாக ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு நாள் 13 வயது மகன் இயந்திரத்தில் உதவினான். 10 வயது மகள் கத்தரிக்கோலால் தாள்களின் மேலும் கீழும் இருந்த 'மிக ரகசியம்' என்ற வரியை வெட்டி எடுத்தாள். நாளை அப்பா சிறைக்குப் போனாலும், தெளிந்த மனதோடுதான் இதைச் செய்தார் என்று பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என நினைத்தாராம்.

1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்த ஆய்வை வெளியிடத் தொடங்கியது. அரசு தடை கேட்டது. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மறுத்தது. எல்ஸ்பெர்க் மீதோ 115 ஆண்டுவரை சிறை விதிக்கக்கூடிய வழக்கு. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகையின் ஆட்களே திருடப் புகுந்தது அம்பலமாகி, 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது.

அதன்பின் அரை நூற்றாண்டு அணு ஆயுதங்களுக்கு எதிராகப் போராடினார். 1978-இல் ராக்கி ஃபிளாட்ஸ் அணுகுண்டு ஆலையின் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து கைதானார். 2023 ஜூன் 16 அன்று, 92 வயதில் மறைந்தார்.

உலகம் அவரை வீரர் என்றது. அவரோ 1964-இல் வாய் திறக்காததற்காகக் கடைசிவரை வருந்தினார். அப்போதே அவரிடம் இருந்த ஆவணங்கள் தனக்குக் கிடைத்திருந்தால் போர்த் தீர்மானம் நிறைவேறியே இருக்காது என்று செனட்டர் மோர்ஸ் பின்னாளில் அவரிடம் சொன்னார். இடையில் போன உயிர்கள், அமெரிக்கர்கள் 58,000 பேர், வியட்நாமியர் பல லட்சம். அதனால்தான் என்னைப்போல் காத்திருக்காதீர்கள், குண்டு விழும் முன்பே பேசுங்கள் என்று அரசுக்குள் இருப்பவர்களிடம் அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

அரசு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, பொய்க் கணக்கு ஒன்று உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். அன்றே சொல்லிவிடுங்கள். ஓய்வுபெற்ற பிறகு சொல்லும் உண்மையால் ஒரு பாலத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.