தகப்பனுக்கான நான்கு கிழமை

நோர்வேயில் நன்றாகக் காலூன்றிய அகதி என்று எனக்குப் பெயர். மொழி படித்தேன், வேலை செய்தேன், வரி கட்டினேன், குடியுரிமையும் கிடைத்தது. வீட்டுக்குள் நான் எப்படி நடந்தேன் என்று யாரும் பார்க்கவில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு கொடுக்கும் விடுப்பில் நான்கு கிழமையைத் தகப்பனுக்கென்றே 1993இல் நோர்வே ஒதுக்கியது. அவன் எடுக்காவிட்டால் அது தாய்க்கும் சேராது, கழிந்துபோகும். பிள்ளை பார்க்க ஆண்கள் தாமாக வரமாட்டார்கள் என்று தெரிந்து போட்ட சட்டம்.

அப்போது நானும் மனைவியும் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. மகள் பிறந்தபிறகு அந்த விடுப்பை எடுத்தேன். அதே நாட்களுக்கு மனைவியையும் வருடாந்த லீவு போடவைத்தேன். பிள்ளை அவள் கையில். நான் தூண்டிலோடு கடற்கரையில். ஒருதரமாவது பம்பர்ஸ் மாற்றினேனா என்பது நினைவில் இல்லை. மாற்றியிருந்தால் மறந்திருக்க மாட்டேன். ஆனால் வேலைத்தலத்தில், "நானும் தகப்பன் லீவு எடுத்தனான்" என்று பெருமை பேசினேன். எடுத்த லீவில் வேட்டைக்குப் போன நோர்வே ஆண்களும் உண்டுதான். அதைச் சொல்லித் தப்ப எனக்கு மனமில்லை.

2004இல் புதிதாக வரும் அகதிகளுக்கான அறிமுகத் திட்டம் நாடெங்கும் கட்டாயமானது. மொழி வகுப்பில் கணவனும் இருக்கவேண்டும், மனைவியும் இருக்கவேண்டும். உதவித்தொகை அவரவர் பெயரில் தனித்தனியே வரும். "குடும்பத்தைப் பிரிக்கிற வேலை இது, எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது" என்று சோமாலியரிடமும் ஆப்கானியரிடமும் நியாயம் பேசியவன் நான். பண்பாட்டின் மேல் இருந்த அக்கறையால் அல்ல. என் மனைவிக்கு அப்படியொரு வாய்ப்பு வந்திருந்தால் என் வீட்டில் என்ன மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அவள் கணக்கு ரீச்சர். இங்கே மீன் வெட்டும் மேசையில் மொழி தேவைப்படவில்லை. மாலை வகுப்புக்கு நான் போனேன். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அவளுக்கு மட்டும் வந்தது. டொக்டரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அவளுக்காக நானே பேசினேன். பார்த்தவர்கள் அதை அன்பு என்றார்கள். ஊரில் அவள் மேல் எனக்கு இல்லாத அதிகாரம் இங்கே அப்படித்தான் கைக்கு வந்தது. அதை விட மனம் வரவில்லை.

வகுப்பு ஆசிரியை ஒருநாள் கடையில் எங்களைக் கண்டு, ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று அவளிடம்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "அவளுக்கு விருப்பமில்லை" என்றேன். பக்கத்தில் நின்றவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை.